இரண்டு மில்லிமீட்டர்த் தகராறு: கடலூர்ப் பக்கம் ஒரு பயணக் குறிப்பு

ஜூலை 9, புதன் – புதுச்சேரி

கடலில் மிதந்து வாழும் சிற்றுயிர்களின் உடல் அளவையும் அவற்றில் அடங்கியுள்ள ஆற்றலையும் கணக்கிடுவது குறித்து, மேல்நிலைப் பள்ளி விலங்கியல் ஆசிரியர்களுக்காகக் கடலூரை அடுத்த ஒரு கல்லூரியில் பயிற்சி ஏற்பாடாகியிருந்தது. தென்துருவக் கடலில் வாழும், இறால்போன்ற சிற்றுயிரான கிரில்தான் பாடப்பொருள். திருச்சிக்காரனான எனக்கு இறாலோடு உள்ள உறவு தட்டோடு முடிந்துவிடும் என்றாலும், பென்குவின் எதைத் தின்று உயிர் வாழ்கிறது என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போடுகிற ஆள் அந்த இரையை ஒரு முறையாவது கையில் எடுத்துப் பார்க்க வேண்டாமா என்று பெயரைக் கொடுத்துவிட்டேன்.

பயிற்சியை நடத்தும் பேராசிரியர், வரும் வழியில் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் கால் கிலோ சென்னாக்குன்னி, அதாவது கூனி என்னும் பொடி இறாலின் கருவாடு, வாங்கிவரச் சொல்லியிருந்தார். ஒப்பிட்டுப் பார்க்க உதவுமாம். நண்பகல் வெயிலில் நேரு வீதியிலிருந்து உள்ளே நுழைந்தபோது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கருவாட்டு வரிசையில் ஓர் அம்மாள் சென்னாக்குன்னியை மூன்று குவியலாகப் பிரித்து வைத்திருந்தார். நூறு கிராம் 30 ரூபாய், 40 ரூபாய், 60 ரூபாய். பார்வைக்கு மூன்றும் ஒன்றாகவே தெரிந்ததால் நடுக்குவியலைக் காட்டினேன். அவர் உடனே எடைபோட்டுவிடவில்லை. 30 ரூபாய்க் குவியலில் ஒரு பிடி அள்ளி இறுக்கிவிட்டுக் கையை விரித்தார், கட்டியாக நின்றது. 60 ரூபாய்ச் சரக்கை அதேபோல இறுக்கி விரித்தபோது, கலகலவென்று விரலிடுக்கு வழியே உதிர்ந்தது. 'ஈரத்துக்குத் துட்டு குடுத்து இன்னா பண்ணப் போற சாரு? இத்த வாங்கிக்கோ, கல்லு மண்ணு இருக்காது' என்றார்.

விலையைக் கூட்டி விற்பதற்கான பேச்சு என்றுதான் அப்போது நினைத்தேன். ஆனாலும் விலையுயர்ந்ததையே வாங்கினேன். நாளிதழில் மடித்துக் கொடுத்ததைப் பையில் வைத்துக்கொண்டு கடலூர்ப் பேருந்தில் ஏறியதும், பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைச் சுருக்கிவிட்டு, பிறகு தாமாகவே, கத்தரிக்காயோடு சேர்த்து அதை எப்படிக் காரக்குழம்பு வைக்க வேண்டும் என்று தவளக்குப்பம் வரை விளக்கிக்கொண்டு வந்தார்.

ஜூலை 10, வியாழன் – கடலூர் முதுநகர்

விடுதியில் குளிக்க வந்த தண்ணீர் உப்பாக இருந்தது. சோப்பு நுரைக்கவே இல்லை. விடிவதற்கு முன் துறைமுகத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்ததால் அதைப் பற்றிக் குறைகூற நேரமும் இல்லை.

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஆம் தேதியோடு முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போய்வரத் தொடங்கியிருந்தன. ஏலம் எடுப்பவர்கள், ஐஸ் உடைப்பவர்கள், கூடை சுமக்கும் பெண்கள் என்று இறங்குதளத்தில் கால் வைக்க இடமில்லை. எங்கள் நல்வாய்ப்பாக ஒரு ஃபைபர் படகில் கூனி வந்திருந்தது. ஈரக் கூனி நிறமற்றதுபோலக் கண்ணாடியாக இருக்கிறது. கூடையில் குவிந்து கிடக்கும்போதுதான் இலேசான இளஞ்சிவப்பு புலப்படுகிறது. கிலோ 80 ரூபாய் என்று பேசி முடித்த பெண்மணி, நாங்கள் அதைச் சமைக்கப் போவதில்லை, அளக்கப் போகிறோம் என்று அறிந்ததும், ஐஸ் பெட்டியில் போடும்வரை கூடவே நின்றார். 'உச்சிக்குள்ள காய வெச்சிடணும் தம்பி, இல்லேன்னா கறுத்துப் போயி நாத்தம் எடுத்துக்கும்' என்று அவர் எச்சரித்ததைப் பேராசிரியர் அன்று வகுப்பில் அப்படியே எடுத்தாண்டார். கிரிலுக்கும் இதே சிக்கல்தான். அதன் செரிமான நொதிகள் மிகவும் வீரியமானவை. உயிர் போனவுடன் அதன் உடலையே கரைக்கத் தொடங்கிவிடும். போதாக்குறைக்கு ஓட்டில் மிகுதியாக உள்ள ஃபுளூரைடு சதைக்குள் இறங்கும். அதனால் பிடித்த சில மணி நேரத்துக்குள் கப்பலிலேயே பதப்படுத்தியாக வேண்டும். ஆய்வுக்கானது என்றால் உடனே ஆழ்ந்த குளிரில் உறைய வைக்க வேண்டும்.

துறைமுக வாசலில் தள்ளுவண்டியில் கேழ்வரகுக் கூழ் குடித்தோம். ஒரு சொம்பு 20 ரூபாய். தொட்டுக்கொள்ள மோர்மிளகாய், நறுக்கிய வெங்காயம், எண்ணெயில் வாட்டிய சென்னாக்குன்னி. வண்டிக்காரர் எங்களில் யாரிடமும் முன்பணம் கேட்கவில்லை. எத்தனை சொம்பு என்று நாங்கள் சொன்னதையே கணக்காக எடுத்துக்கொண்டார்.

கூனியும் கிரிலும் உறவினர்போலத் தோன்றினாலும் வேறு வேறு வரிசையைச் சேர்ந்தவை என்பது முற்பகல் வகுப்பில் கண்ணெதிரே விளங்கியது. நம் கூனி அசிட்டஸ் என்னும் பேரினம். இறாலின் பக்கத்து உறவு. அதைக் கவிழ்த்துப் பார்த்தால் நடக்கும் கால்களில் கடைசி இரண்டு இணைகள் இல்லை. வால் துடுப்பின் அடியில் சிவப்புப் புள்ளிகள் உண்டு. கிரிலில் செவுள்கள் மேலோட்டுக்குள் மறையாமல், கால்களின் அடியில் குஞ்சம் குஞ்சமாக வெளியே தொங்குகின்றன. கண் காம்பிலும் மார்பின் அடியிலும் வயிற்றின் அடியிலும் ஒளி உமிழும் உறுப்புகள் இருக்கின்றன. வங்காள விரிகுடாவிலும் கிரில் இனங்கள் உண்டு. ஆனால் அவை ஒன்றரை சென்டிமீட்டரை ஒட்டிய பொடிகள். தென்துருவக் கிரிலான யூஃபாசியா சுபெர்பா ஆறு சென்டிமீட்டர் வரை வளர்ந்து, ஐந்தாறு ஆண்டுகள் உயிர் வாழும். கடலில் உள்ள இந்த இனத்தின் மொத்த எடை ஏறக்குறைய 38 கோடி டன் என்று 2009-இல் ஒரு மதிப்பீடு வெளிவந்தது. இந்தியாவிலிருந்தும் 1995-96-இல் சாகர் சம்பதா என்னும் ஆய்வுக் கப்பல் கிரிலைத் தேடித் தென்கடலுக்குப் போய்வந்திருக்கிறது.

எங்கள் மேசைக்கு வந்தது அவ்வளவு பெருமையுடைய சரக்கன்று. வண்ணமீன்களுக்குத் தீவனமாக விற்கும் உறைந்த கிரில் பொட்டலம். கை பழகுவதற்கு அது போதும் என்றார் பேராசிரியர்.

ஜூலை 11, வெள்ளி – ஆய்வகம்

இந்தப் பயணத்தில் நான் எதிர்பாராத அளவுக்கு நேரம் பிடித்ததும் சண்டை மூண்டதும் நீளம் அளப்பதில்தான்.

முறை எளிமையானது. பனி கரைந்த கிரிலை ஈரம் உலராமல் கண்ணாடித் தட்டில் பக்கவாட்டாகக் கிடத்தி, தட்டின் அடியில் மில்லிமீட்டர் கட்டமிட்ட தாளை வைத்து, வளைந்திருக்கும் வயிற்றை ஊசியால் மெல்ல நிமிர்த்தி, இழுக்காமல் படிக்க வேண்டும். உணர்கொம்புகள் பெரும்பாலும் ஒடிந்தே வருகின்றன. அவை கணக்கில் சேராது. கடுகளவான கரிய கண் மட்டும் எந்தக் கிரிலிலும் பளிச்சென்று தெரிகிறது. வால் முனையில் டெல்சன் என்னும் கூரிய கடைத்தகடு இருக்கிறது. அதன் ஓரத்து முட்களைத் தவிர்த்து, தகட்டின் நுனியில் அளவை முடிக்க வேண்டும்.

எங்கே தொடங்குவது என்பதில்தான் தகராறு. விழுப்புரத்திலிருந்து வந்திருந்த ஆசிரியை, இரு கண்களுக்கும் நடுவே நீட்டியிருக்கும் மூக்குமுனையிலிருந்து அளந்தார். நான் கண்ணின் முன்விளிம்பிலிருந்து அளந்தேன். ஒரே கிரிலுக்கு எங்கள் தாள்களில் இரண்டு மில்லிமீட்டர் வேறுபட்டது: ஒருவருக்கு 46, மற்றவருக்கு 44. யார் செய்தது சரி என்று வகுப்பே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. இரண்டுமே உலகில் வழக்கத்தில் இருக்கும் முறைகள்தாம் என்று சொல்லிப் பேராசிரியர் இரு தரப்பையும் ஏமாற்றினார். கிரில் மீன்பிடியைக் கண்காணிப்பவர்கள் கண்ணின் முன்விளிம்பிலிருந்து அளப்பதையே கைக்கொள்கிறார்கள். மூக்குமுனை எளிதில் ஒடிந்துவிடும், கண் அவ்வளவு எளிதில் கெடாது என்பது என் மனத்துக்குப் பட்ட நியாயம்.

இரண்டு மில்லிமீட்டருக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று எண்ணியவர்களை அடுத்துப் போட்ட கணக்கு அடக்கியது. கிரிலின் எடை ஏறத்தாழ நீளத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது; நீளம் இரு மடங்கானால் எடை எட்டு மடங்கு. 44-க்கும் 46-க்கும் நீளத்தில் உள்ள வேறுபாடு நூற்றுக்கு 5-கூட இல்லை. எடையில் அதுவே நூற்றுக்கு 14 ஆகிவிடுகிறது. ஒருவர் ஒரு முறையில் அளந்த நீளத்தை, மற்றொரு முறைக்கென வகுத்த சூத்திரத்தில் போட்டால், பென்குவினின் வயிற்றில் இல்லாத இரையைக் காகிதத்தில் ஊட்டிவிடலாம். பழைய அட்டவணைகளில் 'நீளம்' என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருந்தால் அதை நம்பக் கூடாது என்று அந்த ஆசிரியை தம் ஏட்டில் சிவப்பு மையில் எழுதிக்கொண்டார். நானும் எழுதிக்கொண்டேன்.

முழுக் கிரில் எப்போதும் கிடைப்பதில்லை என்பதும் இதில் சேர்கிறது. தென்கடலின் தெற்கு ஜார்ஜியாத் தீவில், கிரிலைத் தின்னும் ஃபர் சீல் என்னும் கடல் பாலூட்டிகளின் எச்சத்தைக் கரைத்து வடிகட்டினால் பெரும்பாலும் மேலோடுகள்தாம் மிஞ்சும். மேலோட்டின் நீளத்திலிருந்து முழு உடலின் நீளத்தைக் கணிக்கச் சமன்பாடுகள் உண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் மேலோட்டின் விகிதம் வேறு என்பதால், பாலினத்தையும் முடிந்தவரை பிரித்தறிய வேண்டும். வலை கொண்டு பிடித்தால் கண்ணியைவிடச் சிறியவை நழுவிவிடும். விலங்கு பிடித்தால் அது தனக்கு வேண்டிய அளவில் பொறுக்கித் தின்றிருக்கும். ஆக, கையில் வருவது கடலில் உள்ளபடி வருவதில்லை.

என்னை மிகவும் திகைக்க வைத்தது மற்றொன்று. நீளமான கிரில் மூத்தது, குட்டையானது இளையது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. இரை கிடைக்காவிட்டால் கிரில் ஒவ்வொரு முறை தோலுரிக்கும்போதும் முன்னைவிடச் சிறிய ஓடு ஒன்றை உண்டாக்கிக்கொண்டு, உடலைச் சுருக்கிக்கொள்கிறது. இக்கேடா, டிக்சன் ஆகிய இருவர் 1982-இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வகத் தொட்டியில் உணவின்றி 200 நாட்களுக்கு மேல் கிரில் உயிர் வாழ்ந்ததும், அதன்போது உடல் சுருங்கியதும் பதிவாகியிருக்கின்றன. உடல் சுருங்கினாலும் கண் அதே வேகத்தில் சுருங்குவதில்லையாம். எனவே உடலோடு ஒப்பிடக் கண் பெரிதாகத் தோன்றும் கிரில் பட்டினி கிடந்ததாக இருக்கக்கூடும். என் மாணவர்களுக்கு வளர்ச்சி என்பது திரும்பிப் போகாத பாதை என்று நான் இதுவரை நடத்திவந்த பாடத்துக்கு இப்படி ஒரு விதிவிலக்கு இருக்கிறது.

பிற்பகலில் எடை பார்த்தோம். நான்கு தசமப் புள்ளி வரை காட்டும் மின்னணுத் தராசு. மின்விசிறி சுழன்றால் எண் நிலைக்காது. ஆகவே விசிறியை நிறுத்தி, சன்னல்களையும் சாத்தினார்கள். ஜூலை மாதத்துக் கடலூரில், மூடிய அறையில் இருபது பேர். வியர்வைத் துளி தராசுத் தட்டில் விழாமல் இருக்கத் தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, மெல்லிழைத் தாளில் ஒற்றி ஈரம் எடுத்த கிரிலை ஒவ்வொன்றாக வைத்தோம். 45 மில்லிமீட்டர் நீளமான கிரில் ஒரு கிராம்கூட இல்லை. எடையிட்டவற்றை 60 பாகை உலர்கலனில் வைத்தோம். அதற்கு மேல் சூடாக்கினால் கொழுப்பு கெடும்.

இரவு எட்டு மணிக்கு மின்சாரம் போயிற்று. திரும்பி வர நள்ளிரவு தாண்டிவிட்டது. கடற்கரை ஊரின் காற்றே ஈரம். உலர்கலனுக்குள் இருந்தவை மீண்டும் ஈரம் குடித்து எடை கூடிவிட்டன. ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகள் நீலத்திலிருந்து வெளிறி இளஞ்சிவப்பாகிவிட்டிருந்தன. எல்லாவற்றையும் முதலிலிருந்து உலர்த்த வேண்டியதாயிற்று.

ஜூலை 12, சனி – பரங்கிப்பேட்டை

பொருளை எரித்து அதன் ஆற்றலை அளக்கும் கலோரிமீட்டருக்கான ஆக்சிஜன் உருளையில் அழுத்தம் போதவில்லை. நிரப்பித் தருவதாக ஒப்புக்கொண்டவர் காலையில் வருவதாகச் சொன்னார், பிறகு மாலை என்றார், கடைசியில் தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார். அன்றைய பொழுதை வீணாக்க மனமின்றி நாங்கள் சிலர் பேருந்தேறிப் பரங்கிப்பேட்டைக்குப் போனோம். வெள்ளாறு கடலில் கலக்கும் இந்த ஊரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருப்பதால், ஆட்டோக்காரருக்குக்கூட மிதவை உயிரி என்றால் என்னவென்று தெரிந்திருந்தது. 'பிளாங்டன் தானே சார்? பசங்க வலையை இழுத்துக்குனு போவாங்க' என்றார். கேட்ட கட்டணம் 60 ரூபாய். பேரம் பேசவே தோன்றவில்லை.

கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. மதியம் பிரியாணி, கடைக்காரர் நாங்கள் வெளியூர் என்று அறிந்து, கேட்காமலே குழம்பை இரண்டாம் முறை ஊற்றினார். பரங்கிப்பேட்டை அல்வா வாங்காமல் திரும்பினால் பிழை என்று அவரே கடையையும் காட்டினார். நெய் கையில் வழிந்தது. ஒரு கிராம் கொழுப்பில் ஏறக்குறைய 39 கிலோஜூல், புரதத்தில் 23 முதல் 24 வரை, மாவுச்சத்தில் 17 என்று காலையில் படித்த கணக்கை யாரோ அங்கேயே எடுத்து விட, அல்வா பாதியில் நின்றது. சற்று நேரம்தான்.

இரவு நல்ல இடிமழை. மின்சாரம் போகவில்லை.

ஜூலை 13, ஞாயிறு – ஆய்வகமும் திரும்பும் பேருந்தும்

உருளை விடிகாலையில் வந்து சேர்ந்தது, வேறொருவர் வழியாக.

பாம் கலோரிமீட்டரை நான் படத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். தடித்த எஃகுக் கலன். உள்ளே சின்னக் கிண்ணம். நன்றாக உலர்ந்த கிரிலை உரலில் பொடித்து, அழுத்தி வில்லையாக்கி, கிண்ணத்தில் வைத்து, மெல்லிய கம்பி அதைத் தொடும்படி பொருத்தி, மூடியைத் திருகி, 30 வளிமண்டல அழுத்தத்தை ஒட்டி ஆக்சிஜன் செலுத்த வேண்டும். பிறகு கலனை அளந்து ஊற்றிய நீருக்குள் இறக்கிப் பொத்தானை அழுத்தினால், கம்பி பழுத்து வில்லை நொடியில் எரிந்துவிடுகிறது. வெளியே சத்தமே இல்லை. நீரின் வெப்பநிலை மட்டும் மெதுவாக ஏறுகிறது. அந்த ஏற்றத்திலிருந்துதான் ஆற்றலைக் கணிக்கிறோம். கருவி சரியாக இருக்கிறதா என்று முதலில் பென்சாயிக் அமிலத்தை எரித்துப் பார்க்க வேண்டும். அதன் மதிப்பு கிராமுக்கு 26.4 கிலோஜூல் என்று திட்டமாகத் தெரியும். எரிந்த கம்பியின் வெப்பத்தையும் கழிக்க வேண்டும்.

எங்கள் கிரில் வில்லை, உலர் எடையில் கிராமுக்கு 20 கிலோஜூலைச் சற்றே தாண்டியது. துறைமுகத்துக் கூனி அதைவிடக் குறைவு. புதுச்சேரியிலிருந்து நான் கொண்டுவந்த கருவாட்டுச் சரக்கு அதற்கும் கீழே. எரிந்து முடிந்த கிண்ணத்தைக் கவிழ்த்தபோது காரணம் தெரிந்தது: கிரில் இருந்த கிண்ணத்தில் கொஞ்சம் சாம்பல், கருவாடு இருந்த கிண்ணத்தில் வெள்ளைப் படலமாக உப்பும் சுண்ணமும். உப்பு எரியாது, எடையில் மட்டும் பங்கு கேட்கும். அதனால் சாம்பலின் எடையையும் தனியே குறித்து, சாம்பல் நீக்கிய எடைக்கு ஆற்றல் எவ்வளவு என்றும் சொல்ல வேண்டும். ஈரத்தின் கதையும் இதுவே. கிரிலின் உடலில் முக்கால் பங்குக்கு மேல் நீர் என்பதால், ஈர எடையில் கணக்கிட்டால் அதே 20 கிலோஜூல் நாலரையை ஒட்டி இறங்கிவிடுகிறது. பெரிய மார்க்கெட்டு அம்மாள் ஒரு பிடியில் இறுக்கிப் பார்த்துச் சொன்ன 30-க்கும் 60-க்கும் உள்ள விலை வேறுபாட்டை, நாங்கள் உலர்கலன், தராசு, ஆக்சிஜன் என்று சுற்றிவந்து கண்டுபிடித்திருந்தோம். அவர் விலை கூட்டி ஏமாற்றவில்லை.

கிரிலின் ஆற்றல் ஆளுக்கு ஆள் மாறும் என்பதையும் பேராசிரியர் வலியுறுத்தினார். முட்டை முதிர்ந்த பெண் கிரிலின் உடலில் கொழுப்பு மிகுதி. முட்டையிட்டு முடித்ததும் அதே நீளத்தில் அது மெலிந்த இரையாகிவிடும். ஃபார்மலினில் பல காலம் கிடந்ததை எரித்துக் கிடைக்கும் எண்ணை உயிர்க் கிரிலின் எண்ணாகக் கொள்ளக் கூடாது. எங்கள் தீவனப் பொட்டலமும் எந்த மாதம், எந்தக் கடற்பகுதி என்று தெரியாத சரக்கு. அதன் எண்ணைப் பயிற்சிக்கு வெளியே எங்கும் எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனக்கு அது பிடித்திருந்தது.

மாலை சிதம்பரம் பேருந்தில் பக்கத்தில் அமர்ந்தவர் விசைப்படகுத் தொழிலாளி. எங்கே போய்வருகிறேன் என்று விசாரித்தவர், தென்துருவத்துக் கூனி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதைப் பிடித்து என்ன செய்கிறார்கள் என்று கேட்டார். பெரும்பகுதி மீன் வளர்ப்புக்குத் தீவனமாகவும் மாத்திரைக்குள் அடைக்கும் எண்ணெயாகவும் போகிறது என்றேன். 'அவ்ளோ தூரத்துல கேக்க ஆள் யாரு, அள்ளிக்குனு போயிடுவானுங்களே?' என்றார். 1982 முதல் அந்தக் கடலுக்கென நாடுகள் சேர்ந்து அமைத்த ஆணையம் இருப்பதையும், அட்லாண்டிக்கை ஒட்டிய பகுதியில் 6,20,000 டன் என்று எல்லை வகுத்திருப்பதையும், கப்பலில் பார்வையாளர் இருந்து கிரிலை எடுத்து நீளம் அளப்பதையும் சொன்னேன்.

'நீளமா? ஒண்ணொண்ணாவா?' என்று சிரித்தார். அவர்கள் துறைக்கும் நோட்டுப் புத்தகத்தோடு ஒருவர் வருவாராம்; எத்தனை கூடை, என்ன மீன் என்று கேட்டு எழுதிக்கொண்டு போவாராம். கூனியைக் கணக்கில் சேர்ப்பாரா என்று கேட்டேன். கேட்டால் சொல்வார்களாம், கேட்காவிட்டால் மற்றதோடு மற்றதாகப் போய்விடுமாம். புவனகிரியில் இறங்கும்போது, அடுத்த முறை நேரே படகுக்கே வரும்படியும், வந்தால் அளப்பதற்கு வேண்டிய மட்டும் தாமே எடுத்துவைப்பதாகவும் சொல்லித் தம் துறையின் பெயரைக் குறித்துக் கொடுத்தார்.